பழைய ஐரோப்பிய மருத்துவ அட்டையை நம்பிப் புறப்படாதீர்கள்: லண்டனிலிருந்து பாரிஸ், சுவிஸ், நோர்வே போகிறவர்களுக்கு

மச்சாளின் மகள் கல்யாணத்துக்குக் குடும்பமாகப் பாரிஸ் போயிருந்தோம். கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு, பாரிஸ் புறநகரான லா கூர்னேவில் அவர்கள் வீட்டில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த நேரம், அப்பாவுக்கு நெஞ்சை இறுக்கிப் பிடித்தது. பிரான்ஸின் அவசர மருத்துவ எண்ணான 15க்கு அடித்தோம், ஆம்புலன்ஸ் வந்தது, நான்கு நாட்கள் வைத்தியசாலையில் வைத்திருந்தார்கள். அப்பா இப்போது நன்றாக இருக்கிறார், அதை முதலே சொல்லிவிடுகிறேன். சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை. குறை முழுக்க எங்கள் கடதாசிகளில்தான்.

பதிவு மேசையில் இருந்த பெண், அப்பாவின் பர்ஸிலிருந்து நான் எடுத்துக் கொடுத்த நீல நிற ஐரோப்பிய மருத்துவ அட்டையை வாங்கினார். கீழே வலது மூலையில் 9 என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் இடத்தைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். அங்கே இருந்த திகதி முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சரி, வங்கிக் கணக்கோடு வந்த பயணக் காப்புறுதி இருக்கிறதே என்று அவர்களுக்கு அடித்தால், அந்தப் பொலிசியில் வயது எல்லை 70, அப்பாவுக்கு 71. அன்று வெள்ளிக்கிழமை இரவு. பில் வந்தால் நாங்களே கட்டுவோம் என்று கையெழுத்து வைத்துவிட்டு, அந்த வார இறுதி முழுக்க எவ்வளவு வருமோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தேடிப் படித்து, போன் அடித்து, முறைப்பாடு எழுதி, தெரிந்துகொண்டவற்றைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். பிரித்தானியாவில் வசித்துக்கொண்டு ஐரோப்பாவில் இருக்கும் சொந்தங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்காக, அதிலும் வயதான அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்காக.

1. எது போனது, எது மிச்சம் இருக்கிறது

எங்கள் ஆட்களிடையே இரண்டு கதை ஓடுகிறது. ஒன்று, "பிரெக்ஸிட்டோடு எல்லாம் போய்விட்டது, இனி ஐரோப்பாவில் வைத்தியம் பார்த்தால் முழுக் காசும் நாங்கள்தான்" என்பது. மற்றது, "ஒன்றும் மாறவில்லை, அந்தப் பழைய அட்டையே காணும்" என்பது. இரண்டையும் நம்ப வேண்டாம்.

மருத்துவத்துக்காக ஐரோப்பிய ஒன்றியத்தோடு இருந்த பழைய ஏற்பாடு 2020 டிசம்பர் 31உடன் முடிந்தது. அதன் இடத்தில் புதிய ஒப்பந்தம் வந்து, ஈஎச்ஐசி என்ற பழைய அட்டைக்குப் பதிலாக ஜீஎச்ஐசி என்ற அட்டை கொடுக்கிறார்கள். கையில் இருந்த பழைய அட்டைகள் அவற்றில் போட்டிருக்கும் திகதி வரைக்கும் ஒன்றிய நாடுகளில் செல்லும் என்றுதான் விட்டார்கள். ஐந்து வருடக் கணக்குப்படி பார்த்தால் அவை 2025 முடிவோடு அநேகமாக எல்லாமே காலாவதியாகியிருக்கும். இப்போதே எழும்பிப் போய் உங்களுடையதை எடுத்து 9ஆம் எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள திகதியைப் பாருங்கள். வீட்டில் எல்லோருடையதையும்.

சுவிஸ், நோர்வே விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். இந்த இரண்டும் ஒன்றியத்தில் இல்லாத நாடுகள், அதனால் இடையில் கொஞ்சக் காலம் புதிய அட்டை அங்கே செல்லாமல் இருந்தது உண்மை. சுவிஸோடு 2021 நவம்பரிலிருந்தும், நோர்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் நாடுகளோடு 2024 ஜனவரியிலிருந்தும் தனி ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஒஸ்லோவில் இருக்கும் சித்தி இன்னும் "இங்கே உங்கட காட் எடுபடாது" என்று சொன்னால், அது அந்த இடைக்காலத்துக் கதை.

எங்கே செல்லாது என்பதும் முக்கியம். துருக்கியில் செல்லாது. மொனாக்கோ, சன் மரினோ, வத்திக்கான் மூன்றிலும் செல்லாது. ரோமுக்குப் போகிறவர்கள் இத்தாலி அட்டைக்குள் வரும், வத்திக்கான் வராது என்று நினைவில் வைத்திருங்கள். லூர்து மாதா கோயில் பிரான்ஸ் மண்ணில்தான் இருக்கிறது, அங்கே பிரச்சினை இல்லை. கப்பல் சுற்றுலாவில், கப்பலில் இருக்கும் டொக்டரிடம் இந்த அட்டையால் ஒரு பயனும் இல்லை.

2. உங்களுக்கு எந்த அட்டை

பிரித்தானியாவில் நிரந்தரமாக வசிக்கும் பெரும்பாலானவர்களுக்கு ஜீஎச்ஐசிதான். பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறீர்களா என்பதை வைத்து இதைக் கொடுப்பதில்லை, இங்கே வசிக்கிறீர்களா என்பதை வைத்துத்தான் கொடுக்கிறார்கள். பிரித்தானியக் கடவுச்சீட்டோடு யாழ்ப்பாணத்தில் போய் நிரந்தரமாகத் தங்கிவிட்ட பெரியப்பாவுக்கு இந்த அட்டை கிடைக்காது.

எங்கள் சமூகத்தில் பலருக்குப் பொருந்தும் இன்னொரு வகை இருக்கிறது, ஆனால் அது பலருக்குத் தெரியாது. ஹொலண்ட், ஜேர்மனி, டென்மார்க், பிரான்ஸ், நோர்வே என்று ஏதாவது ஒரு நாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டு, 2021 ஜனவரி 1க்கு முன்பே லண்டனுக்கோ லெஸ்டருக்கோ வந்து குடியேறியவர்கள் இருக்கிறீர்கள் அல்லவா, உங்களுக்கு விலகல் ஒப்பந்தத்தின்படி புதிய பிரித்தானிய ஈஎச்ஐசி என்ற அட்டை உண்டு. அது பழைய ஈஎச்ஐசி அல்ல, பெயர் மட்டும்தான் ஒன்று. ஒன்லைனில் விண்ணப்பிக்கும்போது குடியுரிமை பற்றியும், எப்போதிருந்து இங்கே வசிக்கிறீர்கள் என்பது பற்றியும் கேட்பார்கள். அதற்குச் சரியாகப் பதில் சொன்னால் உங்களுக்கு உரிய அட்டை எதுவென்று அதுவே காட்டும். ஒன்றிய நாடு ஒன்றிலிருந்து ஓய்வூதியம் வருபவர்கள், அந்த நாடுதான் அட்டை தர வேண்டுமா என்று முதலில் விசாரித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ உங்களிடம் வந்து நிற்கும் அம்மா அப்பாவுக்கு இந்த இரண்டில் எதுவும் கிடையாது. அவர்களைப் பாரிஸ் கூட்டிப் போக ஷெங்கன் விசா எடுக்கும்போதே குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி கேட்பார்கள். விசாவுக்கென்று விற்கும் மலிவான பொலிசிகள் அந்த நிபந்தனையை நிறைவேற்றும். ஆனால் அவற்றில் ஏற்கனவே உள்ள நோய்களைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். நீரிழிவும் பிரஷரும் இருக்கும் ஒருவருக்கு அப்படியான பொலிசி விசா எடுக்க மட்டும்தான் உதவும்.

3. அட்டைக்கு விண்ணப்பிப்பது

செலவு: ஒன்றும் இல்லை. அட்டை முழுக்க இலவசம். தேடுபொறியில் போட்டால் மேலே விளம்பரமாக வரும் சில தளங்கள், பார்க்க அரசாங்கத் தளம் மாதிரியே இருந்துகொண்டு, "பரிசீலனைக் கட்டணம்" என்று காசு கேட்கும். காசு கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். என்எச்எஸ் (பிரித்தானிய அரச சுகாதார சேவை) தளத்துக்குள் போய் அங்கிருந்து விண்ணப்பப் பக்கத்துக்குப் போவதுதான் பாதுகாப்பு.

தேவையானவை: முழுப் பெயர், பிறந்த திகதி, விலாசம், நஷனல் இன்சூரன்ஸ் எண் அல்லது என்எச்எஸ் எண். ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்தில் உள்ளவர்களுக்கு அங்குள்ள சுகாதார எண். குழந்தைக்கும் தனி அட்டை வேண்டும், கைக்குழந்தையாக இருந்தாலும். ஆனால் பிள்ளைகளை உங்கள் விண்ணப்பத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

எங்களுக்கு மட்டும் வரும் சிக்கல் பெயர். கடவுச்சீட்டில் அப்பா பெயர் முன்னால், ஜீபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) பதிந்தபோது பின்னால், நஷனல் இன்சூரன்ஸில் பாதிப் பெயர். அப்படி இருந்தால் விண்ணப்பம் இழுபடும். முதலில் ஜீபி வரவேற்பு மேசையில் போய்ப் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி திருத்தச் சொல்லுங்கள், அதற்கு ஒரு வாரம் போகட்டும், அப்புறம் விண்ணப்பியுங்கள். அப்பாவின் பெயரை இப்படித் திருத்துவதற்கே எங்களுக்கு இரண்டு தடவை போக வேண்டியிருந்தது.

அட்டை தபாலில் வரும். பயணத்துக்கு ஆறு வாரத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள் என்பதுதான் என் கணக்கு. புதுப்பிப்பதற்குப் பழையது முடியும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, முன்னதாகவே செய்யலாம். தானாகப் புதிய அட்டை வந்து சேராது.

4. அட்டை எதைத் தரும், எதைத் தராது

தருவது: நீங்கள் அங்கே இருக்கும் நாட்களில் தவிர்க்க முடியாமல் தேவைப்படும் சிகிச்சை, அரச வைத்தியத்தில், அந்த நாட்டுக்காரருக்கு என்ன விதிமுறையோ அதே விதிமுறையில். ஏற்கனவே உள்ள நோய்க்குத் தேவைப்படும் சிகிச்சையும் இதில் அடங்கும், கர்ப்பிணிகளுக்கான வழக்கமான பரிசோதனைகளும் அடங்கும். பிள்ளை பெறுவதற்கென்றே போவது அடங்காது. டயலிசிஸ் செய்பவர்களுக்கும் அட்டை உதவும், ஆனால் போவதற்கு முன்பே அங்குள்ள இடத்தோடு பேசி நாள் ஒதுக்கிவைக்க வேண்டும், போய் இறங்கிவிட்டுக் கேட்டால் இடம் கிடைக்காது.

தராதது: தனியார் வைத்தியசாலைச் செலவு, நோயாளியைப் பிரித்தானியாவுக்குத் திருப்பிக் கொண்டுவரும் செலவு, மலையில் பனிச்சறுக்கில் விழுந்தால் மீட்கும் செலவு, தவறவிட்ட விமானம், ரத்தான பயணம், தொலைந்த பெட்டி.

"அந்த நாட்டுக்காரருக்கு என்ன விதிமுறையோ" என்ற இடத்தில்தான் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். லண்டனில் வைத்தியசாலையிலிருந்து ஒரு பில்லும் இல்லாமல் வெளியே வந்து பழகிவிட்டோம். அங்கே அந்த நாட்டுக்காரரே ஒரு பங்கு கட்டுகிறார், ஆகவே நீங்களும் கட்ட வேண்டும்.

பிரான்ஸில் டொக்டரிடம் போனால் முதலில் முழுக் காசையும் கொடுக்க வேண்டும், பிறகு பொதுவாக 70 சதவீதம் திரும்பக் கிடைக்கும். வைத்தியசாலையில் படுத்தால் பொதுவாக 80 சதவீதம் அரசு பார்க்கும், மிச்சமும் நாளுக்கு இவ்வளவு என்ற தங்குகட்டணமும் உங்களுடையது. பாரிஸில் இருப்பவர்களுக்கு இந்த மிச்சத்தை அவர்கள் மாதாமாதம் கட்டும் 'மியூச்சுவல்' என்ற மேலதிகக் காப்புறுதி கொடுத்துவிடுகிறது. அதனால்தான் "இங்கே எல்லாம் சும்மாதான்" என்று மச்சான் சொல்வார். உங்களுக்கு அந்த மியூச்சுவல் இல்லை.

ஜேர்மனியில் வைத்தியசாலையில் நாளுக்கு 10 யூரோ, வருடத்தில் 28 நாட்கள் வரைக்கும். சுவிஸில் பெரியவர்களுக்கு 92 பிராங், பிள்ளைகளுக்கு 33 பிராங் என்று 30 நாளைக்கு ஒரு நிலையான தொகை. அதோடு வைத்தியசாலையில் தங்கினால் பெரியவர்களுக்கு நாளுக்கு 15 பிராங். ஆம்புலன்ஸ் செலவில் பாதியாவது உங்கள் தலையில் வரும். சுவிஸில் ஆம்புலன்ஸ் மலிவான விஷயம் அல்ல.

இந்தப் பங்குகளை என்எச்எஸ் உங்களுக்குத் திருப்பித் தராது. அதற்குத்தான் காப்புறுதி.

5. காப்புறுதி வாங்க முதல் நோய்ப் பட்டியலை எழுதுங்கள்

இதில் நேரம் செலவழியுங்கள். என்னைக் கேட்டால் மற்ற எல்லா வேலையையும் விட இதுதான் முக்கியம்.

ஒன்லைனில் காப்புறுதி எடுக்கும்போது நோய் இருக்கிறதா என்ற கேள்வி வரும் இடத்தில், இரவு பதினொரு மணிக்கு, களைத்துப்போய், "இல்லை" என்று அழுத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அம்மாவுக்கு இருக்கும் பிரஷர் "எல்லோருக்கும் இருக்கிறதுதானே" என்று தோன்றும். பிரித்தானியச் சட்டத்தின்படி கேட்ட கேள்விக்குக் கவனமாகவும் உண்மையாகவும் பதில் சொல்வது வாங்குகிறவரின் கடமை. நீங்கள் கிளெய்ம் பண்ணும் அன்று நிறுவனம் ஜீபியிடம் உள்ள மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்கும். உங்கள் அனுமதியோடுதான் கேட்பார்கள், ஆனால் அனுமதி தராவிட்டால் கிளெய்ம் நகராது.

ஆகவே முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். இங்கிலாந்தில் இருந்தால் என்எச்எஸ் செயலியைத் திறந்து, எடுத்துக்கொண்டிருக்கும் மருந்துகளின் பட்டியலைப் பாருங்கள். வயதானவர்களிடம் "என்ன வருத்தம் இருக்கிறது?" என்று கேட்டால் ஒன்றும் இல்லை என்பார்கள். "என்ன குளிசை போடுகிறீர்கள், அதை எதற்குத் தந்தார்கள்?" என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். அப்பாவிடம் அப்படிக் கேட்டபோது ஏழு குளிசை வந்தது, அதில் ஒன்று எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. ஜீபியிடம் கேட்டால் இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்ததற்கு இரண்டு வருடத்துக்கு முன் தொடங்கியது என்றார்கள். அது எங்களுக்கே தெரியாத நோய், அதையும் காப்புறுதிக்குச் சொல்ல வேண்டும்.

அடுத்தது, எல்லோரும் தவறவிடும் கேள்வி: "ஏதாவது பரிசோதனைக்கோ, முடிவுக்கோ, விசேட வைத்தியரைப் பார்ப்பதற்கோ காத்திருக்கிறீர்களா?" நோய் என்று இன்னும் பெயர் வைக்காததையும் இங்கே சொல்ல வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு அன்ரிக்கு வயிற்றில் ஸ்கான் எடுக்க வரச்சொல்லி ஒரு கடிதம் வந்து குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஸ்கானே எடுக்கவில்லை, நோய் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது என்று நினைத்து அவர் சொல்லவில்லை. ஜேர்மனியில் வயிற்று வலியென்று வைத்தியசாலையில் படுத்தபோது கிளெய்மை மறுத்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தின் திகதி பொலிசி வாங்கிய திகதிக்கு ஒன்பது நாள் முந்தியது.

வாங்கிய பிறகு புது மருந்து தொடங்கினாலோ, புதுப் பரிசோதனைக்கு அனுப்பினாலோ நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டுமா என்று பொலிசியில் பாருங்கள். வருடப் பொலிசிகளில் பெரும்பாலும் சொல்லத்தான் வேண்டும். போன் அடித்துச் சொல்லுங்கள், சொன்னதற்கு ஈமெயிலில் உறுதி கேளுங்கள்.

எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னால் விலை கூடும், அதை மறைக்க முடியாது. அப்பாவைச் சூரிச் கூட்டிப் போக அடுத்த கோடையில் நான் பார்த்தபோது, நோய் எதுவும் போடாமல் 34 பவுண் காட்டியது. எல்லாவற்றையும் போட்டவுடன் ஒரு நிறுவனம் முடியாது என்றது, இன்னொன்று 212 பவுண் கேட்டது. நோய் உள்ளவர்களுக்கென்றே விற்கும் மூன்றாவது ஒன்றில் 118 பவுணுக்குக் கிடைத்தது. அதே மனிதர், அதே ஒரு வாரம். ஒரு இடத்தில் முடியாது என்றவுடன் மனம் விட்டுவிட வேண்டாம். மணிஹெல்ப்பர் என்ற அரசு ஆதரவுள்ள இலவசச் சேவையில், நோய் உள்ளவர்களுக்குக் காப்புறுதி கொடுக்கும் நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. ஒன்லைன் கஷ்டம் என்றால் போனிலும் உதவுவார்கள்.

6. வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பயணச்சீட்டு வாங்கிய அன்றே காப்புறுதியையும் வாங்குங்கள். புறப்படும் வாரத்தில் வாங்கினால், இடையில் சுகமில்லாமல் பயணத்தை ரத்துச் செய்ய வேண்டி வந்தால் அந்தக் காசு போய்விடும். வருடப் பொலிசி எடுப்பவர்கள் தொடக்கத் திகதியைப் பயண நாளாகப் போடுகிறார்கள், அது தவறு. ரத்துச் செலவுக்கான பாதுகாப்பு அந்தத் தொடக்கத் திகதியில்தான் ஆரம்பிக்கும், ஆகவே வாங்கும் நாளையே போடுங்கள்.

வங்கிக் கணக்கோடு "இலவசமாக" வரும் காப்புறுதியில் வயது எல்லையைப் பாருங்கள். எங்களுக்கு விழுந்த அடி அதுதான். அம்மா அப்பாவுக்கு இன்னும் எல்லை வரவில்லை என்றாலும், நோய்களைத் தனியாகப் போன் அடித்துப் பதிந்தால்தான் சேரும் என்று பலவற்றில் இருக்கும்.

வருடப் பொலிசியில் ஒரு பயணத்துக்கு எத்தனை நாள் என்று எல்லை இருக்கும், 31 நாள் என்பது சாதாரணம். ஆறு வாரம் மகளோடு நிற்கப் போகும் அம்மாவுக்கு 32ஆவது நாளிலிருந்து பாதுகாப்பு இருக்காது.

மருத்துவச் செலவுக்கு ஐரோப்பாவுக்கு ஒரு மில்லியன் பவுணுக்குக் குறையாமல் எடுப்பேன். 'வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருதல்' என்ற வரி பொலிசியில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்கள் கட்டும் முதல் தொகை, ஆளுக்குத் தனித்தனியாக வரும். பல நிறுவனங்கள் ஜீஎச்ஐசி காட்டி அரச வைத்தியம் பார்த்திருந்தால் அந்த எக்ஸஸைத் தள்ளுபடி செய்கின்றன. அட்டை இல்லாமல் போனால் செலவை மறுப்பவையும் உண்டு. எனவே அட்டையா காப்புறுதியா என்று யோசிக்க வேண்டாம், இரண்டையும் எடுங்கள்.

பொலிசி கிடைத்து 14 நாளுக்குள், பயணம் தொடங்காமலும் கிளெய்ம் எதுவும் பண்ணாமலும் இருந்தால், பிடிக்காவிட்டால் பெரும்பாலான பொலிசிகளைத் திருப்பிக் கொடுக்கலாம். அந்த 14 நாளைப் பொலிசியைப் படிக்கப் பயன்படுத்துங்கள். இலங்கைக்கோ இந்தியாவுக்கோ போகிறவர்களுக்கு இந்த அட்டை எதற்கும் உதவாது. 'ஐரோப்பா' என்று எடுத்த பொலிசியும் உதவாது, 'உலகம் முழுவதும்' வகைதான் வேண்டும்.

7. கையில் இருக்க வேண்டியவை

அட்டையை, படமாக மட்டும் இல்லாமல், அட்டையாகவே. காப்புறுதி எண்ணும் அவசர உதவி எண்ணும் ஒரு தாளில், நோயாளியின் பர்ஸில் ஒன்று, உங்களிடம் ஒன்று. என்எச்எஸ் வெளிநாட்டு மருத்துவச் சேவையின் எண் போனில் பதிந்து. மருந்துகள் அவற்றின் பெட்டியோடு, மருந்துச் சிட்டையின் பிரதியோடு, கைப்பையில். ஒரு வாரம் கூடுதலாகவே எடுத்துப் போங்கள்.

8. அங்கே ஏதாவது நடந்தால்

உயிருக்கு ஆபத்து என்றால் 112. ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் அதே எண். மற்றதெல்லாம் அப்புறம்.

ஆபத்து இல்லை, ஆனால் டொக்டர் வேண்டும் என்றால், அரச அமைப்புக்குள் இருப்பவரா என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பிரான்ஸில் "கொன்வென்சியோனே?" என்று கேட்டால் போதும். ஜேர்மனியில் பெயர்ப்பலகையில் 'பிரீவாட்' (தனியார்) என்று மட்டும் இருந்தால் அந்தக் கதவு வேண்டாம். சொந்தக்காரர் பாசத்தில், "எனக்குத் தெரிந்த நல்ல கிளினிக்" என்று காரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கும் இடம் தனியாராக இருந்துவிடலாம், அங்கே உங்கள் அட்டை செல்லாது.

இன்னொன்றை மிக அழுத்திச் சொல்கிறேன். அந்த இரவில் அப்பாவின் அட்டை காலாவதி என்று தெரிந்ததும், எங்கள் கூட வந்தவர்களில் ஒருவர், தன் மாமாவின் பச்சை நிற வித்தால் அட்டையை (பிரெஞ்சு மருத்துவக் காப்புறுதி அட்டையை) காட்டிப் பதிவோம், வயதும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அது மோசடிக் குற்றம். அதை விடப் பெரிய ஆபத்து, மற்றவருடைய இரத்த வகையும் ஒவ்வாமையும் மருந்துகளும் உங்கள் அப்பாவுடையவை என்று டொக்டர் பார்க்கும் கணினியில் வந்து நிற்கும். ஒருபோதும் செய்யாதீர்கள்.

அட்டை தொலைந்தாலோ, வீட்டில் மறந்தாலோ, எங்களைப் போலத் திகதி முடிந்தாலோ வழி இருக்கிறது. தற்காலிக மாற்றுச் சான்றிதழ் என்று ஒன்று, பிஆர்சி என்பார்கள். என்எச்எஸ் வெளிநாட்டு மருத்துவச் சேவைக்கு அடித்து, நோயாளியின் பெயர், பிறந்த திகதி, விலாசம், நஷனல் இன்சூரன்ஸ் அல்லது என்எச்எஸ் எண், வைத்தியசாலையின் பெயர், அங்குள்ள கணக்குப் பிரிவின் ஈமெயில் எல்லாம் கொடுத்தால், நேராக வைத்தியசாலைக்கே அனுப்புவார்கள். அட்டை செய்யும் வேலையை அது செய்யும். எங்களுக்கு இது தெரிந்தது திங்கட்கிழமை காலையில், பக்கத்துக் கட்டிலில் இருந்த முதியவரின் மகள் சொல்லித்தான். அன்றே பின்னேரம் சான்றிதழ் வந்துவிட்டது, மேசைப் பெண் பழைய படிவத்தை எடுத்துக் குறுக்கே கோடு போட்டார். வெள்ளிக்கிழமையே தெரிந்திருந்தால் அந்த மூன்று இரவும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

வைத்தியசாலையில் படுக்க வேண்டும் என்று சொன்னவுடன் காப்புறுதியின் அவசர எண்ணுக்கும் அடியுங்கள். பல பொலிசிகளில், பெரிய செலவுக்கு முன் அவர்களின் சம்மதம் கேட்க வேண்டும் என்று இருக்கும். பேசியவரின் பெயர், நேரம், அவர்கள் தரும் வழக்கு எண் மூன்றையும் எழுதிவையுங்கள். நோயாளியை எப்போது, எப்படி வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்பதை அவர்களோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாகவே டிக்கெட் வாங்கினால் அந்தக் காசு திரும்ப வராமல் போகலாம். எங்களுக்குக் காப்புறுதி இல்லாததால், நீண்ட நேரம் காரில் உட்கார வைக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னதும் பத்து நாள் மச்சாள் வீட்டிலேயே நின்று, பிறகு கடைசி நேர விலையில் ரயில் டிக்கெட் எடுத்து அப்பா அம்மாவைக் கூட்டி வந்தேன். தம்பி தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்தான்.

9. வெளியேறும்போதும், திரும்பி வந்த பிறகும்

வைத்தியசாலையை விட்டு வெளியே வரும்போதே கேட்டு வாங்க வேண்டியவை: என்ன நடந்தது, என்ன சிகிச்சை என்று எழுதிய அறிக்கை, வரிவரியாக விபரம் உள்ள பில், கட்டியதற்கான பற்றுச்சீட்டு. பிரான்ஸில் டொக்டரிடம் காசு கொடுத்தால் 'ஃபேய் து சுவான்' என்ற படிவம் தருவார், அது இல்லாமல் ஒன்றும் திரும்பக் கிடைக்காது. லண்டன் வந்த பிறகு இவற்றைக் கேட்டு வாங்குவது மிகக் கஷ்டம், மொழியும் தெரியாது, போனும் எடுக்க மாட்டார்கள். பாரிஸில் உள்ள சொந்தக்காரர் ஒருவரின் விலாசத்தையும் போன் எண்ணையும் வைத்தியசாலையில் கொடுத்துவிட்டு வந்தது எங்களுக்குப் பிறகு பெரிய உதவியாக இருந்தது.

அட்டை ஏற்றுக்கொள்ள வேண்டிய செலவை நீங்கள் கையிலிருந்து கட்டியிருந்தால், அங்கேயே இருக்கும்போது அந்த நாட்டு அலுவலகத்தில் கேட்கலாம். முடியாவிட்டால் இங்கே வந்து என்எச்எஸ் வெளிநாட்டு மருத்துவச் சேவையிடம் விண்ணப்பிக்கலாம். உங்கள் பங்கு என்று விட்ட தொகையை அவர்கள் தரமாட்டார்கள், அதைக் காப்புறுதியிடம் கேளுங்கள். மூலப் பிரதிகளை ஸ்கான் பண்ணாமல் எங்கும் அனுப்ப வேண்டாம்.

பில் உடனே வராது. எங்களுடையது மூன்று மாதம் கழித்துத் தபாலில் வந்தது. பிஆர்சி வந்த பிறகும் அதில் முழுத் தொகையும் போட்டிருந்தார்கள். பயந்து கட்டிவிடாமல், பிஆர்சியின் பிரதியை இணைத்துக் கணக்குப் பிரிவுக்கு எழுதினோம், திருத்திய பில் வந்தது. கடைசியில் நாங்கள் கட்டியது எங்கள் பங்கு மட்டும்தான்.

காப்புறுதி மறுத்தால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். எட்டு வாரத்துக்குள் அவர்கள் இறுதிப் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ, தந்த பதில் நியாயமில்லை என்றாலோ நிதித்துறை ஒம்புட்ஸ்மனிடம் (முறைப்பாடுகளை நடுநிலையாக விசாரிக்கும் அமைப்பிடம்) போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. இறுதிப் பதில் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தமிழில் பேச வேண்டும் என்றால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், கேட்பதற்குத் தயங்க வேண்டாம். நான் அம்மாவின் பெயரில் உள்ள பொலிசி ஒன்றைப் பற்றி அடித்தபோது, அம்மா போனில் வந்து "என் சார்பில் பேசலாம்" என்று ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் என்னோடு பேசினார்கள். ஆகவே அந்த அனுமதியைப் பயணத்துக்கு முன்பே, பொலிசி வாங்கும் அன்றே பதிந்துவைத்துவிடுங்கள்.